வண்டி ஒரு வீட்டில், ரிமோட் ஒரு வீட்டில்

லைன்மேன் அண்ணனை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உங்களிடமும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பார். அதைக் கெட்ட குணம் என்று தள்ளிவிடவும் முடியாது. முப்பத்துநான்கு வருஷம் டெலிபோன் இலாகாவில் அவருக்குக் கொடுத்த வேலையே அதுதான். யார் வீட்டுப் போன் செத்தாலும் தோளில் ஏணியும் இடுப்பில் சோதனைப் போனுமாகக் கிளம்பிப் போய், கம்பம் கம்பமாக ஏறி, கம்பி எங்கே அறுந்தது, பெட்டிக்குள் எங்கே தண்ணீர் இறங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். "நம்ம பக்கம் சரியா இருக்குன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கணும். அப்புறம் அந்தப் பக்கமா நடந்துக்கிட்டே போனா, குறை தானா வந்து கால்ல தட்டும்" என்பார். வேலையில் இது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பலித்தது. வீட்டிலும் பலிக்கும் என்று நம்பிவிட்டார்.

அவர் என் பெரியம்மா மகன். பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அக்கா, அடுத்தது இவர். எங்கள் அம்மா வழித் தாத்தாவுக்கு எழுதி வைக்க ஒரு முழம் நிலம் கிடையாது. இருந்ததெல்லாம் கோபம்தான். அதை ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். என் அம்மா தன் பங்கைத் தினமும் காலையில் சமையலறையிலேயே செலவழித்துவிடுவாள். பெரியம்மா பங்கு அப்படியே அண்ணனுக்கு வந்தது. அவர் அதில் ஒரு சொட்டும் சிந்தாமல் முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்தார். அவ்வளவும் ஒரே ஆள் மேல்: அக்கா புருஷன் மேல்.

அத்தான் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார். ஒரு தடவை வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டி மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பந்தய வண்டி மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறப்பது போல் படம். கம்பி கிடையாது, கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஓட்டலாம். திறந்து பார்த்தால் உள்ளே வண்டி இல்லை. வண்டிக்கு வேண்டிய சாமான்கள் இருந்தன. கைப்பிடி கைப்பிடியாகத் திருகு, பல்சக்கரம், பொட்டலம் பொட்டலமாகப் பிளாஸ்டிக். நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டுமாம்.

அப்போது அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி மூன்று மாதம். அத்தானுக்கு நாற்பத்தொன்று. இரண்டு பேரும் அண்ணன் வீட்டு அறையில் செய்தித்தாளை விரித்துப்போட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமை தரையிலேயே உட்கார்ந்து அதைப் பூட்டினார்கள். ஒரு திருகு விழுந்தால் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் தலையை விடுவார்கள். அக்காவும் அண்ணியும் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, தாங்களே சாப்பிட்டு, படுத்துத் தூங்கி எழுந்து வருவார்கள். அப்போதும் அதே தலை, அதே கட்டில். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்கூட அப்படி ஒட்டி இருந்து நான் பார்த்ததில்லை.

ஏழாவது ஞாயிறு வண்டி அறைக்குள் ஓடியது. கட்டில் காலில் முட்டி நின்றது. உடனே சொந்தபந்தத்துக்கெல்லாம் ஆள் அனுப்பிவிட்டார்கள்: அடுத்த ஞாயிறு, சரக்குக் கிடங்குக்குப் பின்னாலிருக்கும் சிமெண்டுத் திடலில், நாலு மணிக்கு. பேட்டரியைச் சார்ஜ் போட அத்தான் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காலத்துச் சார்ஜரில் விளக்கும் கிடையாது, மணியும் கிடையாது. நேரம் பார்த்து நாமேதான் பிடுங்க வேண்டும். வண்டியும் ரிமோட்டும் அண்ணனிடம் இருந்தன.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பெரியப்பா நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிற அண்ணியின் தாய்மாமன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் ரிமோட்டின் ஏரியலை இழுத்து நீட்டி, தொண்டையைக் கனைத்து, குச்சியைத் தள்ளினார். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினார். முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துவிட்டுச் சும்மா இருந்தது. காது கேட்காத சித்தப்பா, "சத்தமே போடாம ஓடுதுப்பா, நல்ல வண்டி" என்றார். அவருக்குக் கண்ணும் மங்கல்.

யாராவது சிரிக்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அண்ணியின் மாமன் சிரித்துவிட்டார்.

"பேட்டரியைத் தொட்டுப் பாருங்க அத்தான், அடுப்புல வெச்ச மாதிரி சுடுது. எவ்ளோ நேரம் சார்ஜ்ல போட்டீங்க? உள்ள எல்லாத்தையும் சுட்டுட்டீங்க!" என்றார் அண்ணன்.

"நான் நேரம் பார்த்துத்தான் எடுத்தேன். நீதான் குறடு வெச்சு எதையாவது நோண்டியிருப்ப. கம்பத்துல ஏறுற கைக்கு இதெல்லாம் ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"கரண்டி பிடிக்கிறவருக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்?"

அத்தானுக்கு அந்த வார்த்தை நேரே உள்ளே போய்விட்டது. வண்டியைத் தூக்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு நடந்தார். ரிமோட் அண்ணன் கையில் இருந்தது. அவர் அதோடு இந்தப் பக்கம் நடந்தார். வண்டி ஒரு வீட்டுக்கும் ரிமோட் ஒரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. "சுட்டது நான்தான்னு அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அண்ணன் சொன்னார். "நோண்டினது நான்தான்னு அவன் சொல்லட்டும்" என்று அத்தான் சொன்னார். பெரியம்மா செத்தபோது அண்ணன் தலைமாட்டில் நின்றார், அத்தான் வாசலில் நின்றார். கல்யாண வீடுகளில் ஒருவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் கடைசிப் பந்தி. அக்கா மட்டும் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து, இரண்டிலும் பாதி சாப்பிட்டு எழுந்திருப்பாள்.

அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை ரிமோட்டை அலமாரியிலிருந்து இறக்கி, வெளியே தூசி துடைத்து, திரும்பவும் ஏற்றி வைப்பார். அதன் மேல் அவர் கையாலேயே எழுதி ஒட்டிய தாள்: 'யாரும் தொடக் கூடாது.'

போன மாதம் ஒரு புதன்கிழமை அக்கா அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"வீட்டைக் காலி பண்றோம்டா. மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை போறோம். இதைப் பழைய சாமான்ல போடச் சொன்னார். எனக்கு மனசு வரல."

மகள் இருப்பது கடல் தாண்டி. போய் வருகிற தூரமில்லை. எழுபத்துமூன்று வயதில் போகிறவள் திரும்பி வர மாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா கேக்கறேன். நான் போறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல ஒரு மணி நேரம் உக்காந்து நான் பார்க்கணும். அவ்ளோதான்."

அண்ணன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு ஒரு வழி இருக்கு. இதைப் பிரிச்சா எது சுட்டுச்சுன்னு தெரிஞ்சிடும். ஆதாரத்தோட கூப்பிடறேன். வந்து ஒத்துக்கட்டும்."

"நான் என்ன கேட்டேன், இவன் என்ன சொல்றான் பாருடி" என்றாள் அக்கா என்னிடம். நான் அவருக்கு நேர் கீழ் மாடியில்தான் குடியிருக்கிறேன். படியில் பேச்சுச் சத்தம் கேட்டால் ஏறி வந்துவிடுவேன்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் வேலையை ஆரம்பித்துவிட்டார். பழைய பேட்டரி வாந்தி எடுத்திருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்து, முனைகளைத் தின்றிருந்தது. "இதோ, மொத ஆதாரம்!" என்றார். முப்பத்தெட்டு வருஷம் சும்மா கிடந்தால் எந்தப் பேட்டரியும் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கே தெரிந்ததால், அந்த ஆதாரத்தைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டார். முனைகளை வினிகரில் தோய்த்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். பின் சக்கரத்து ரப்பர் குதிகால் போல வெடித்திருந்தது. மேல் மூடி மஞ்சளித்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் டிரைவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூக்கு அழிந்ததோடு சரி. பல்சக்கரத்தில் போட்ட கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது.

மோட்டாரைக் கழற்றி இரண்டு கம்பியையும் வீட்டிலிருந்த டார்ச் பேட்டரியில் தொட்டார். சுற்றவில்லை.

"பார்த்தியா! சுட்டுப்போச்சு! நான் அன்னிக்கே சொன்னேன்!" என்று கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அண்ணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, மிஷினுக்கு விடுகிற எண்ணெயில் இரண்டு சொட்டை மோட்டார் அச்சில் விட்டு, விரலால் நாலு தடவை திருப்பிவிட்டுப் போனாள். "இப்பத் தொடுங்க." தொட்டார். மோட்டார் ஒரு தும்மல் தும்மிவிட்டு விர்ரென்று சுற்றியது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

அதற்கப்புறம் எல்லாமே அப்படித்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற செப்புத் தகடு கறுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. முன் சக்கரத்தைத் திருப்புகிற சின்னப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார். தலையாட்டுவது போல இடமும் வலமும் ஆட்டியது. ரேடியோ அலையை வாங்குகிற பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். எங்கேயும் சுட்ட அடையாளம் இல்லை, நாற்றம்கூட இல்லை. நோயாளி பிழைக்கப் பிழைக்க வைத்தியர் வாடிப்போகிற ஆஸ்பத்திரி இது ஒன்றாகத்தான் இருக்கும்.

புதுப் பேட்டரிக்குக் கடைத்தெருவில் போன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் போனார். அவர் இந்தக் காலத்து லித்தியம் செல் இரண்டை எடுத்து வைத்தார்.

"இதைப் போடுங்க சார். வண்டி பறக்கும்."

அண்ணன் மீட்டரை எடுத்து அளந்தார். "எட்டரை காட்டுது. நம்ம வண்டி ஏழேகாலுக்குப் பொறந்தது. பறந்துதான் போகும், திரும்பி வராது."

"கொஞ்சம் கூடினா என்ன சார் ஆயிடும்?"

"கொஞ்சம் கூடினதாலதான் தம்பி முப்பத்தெட்டு வருஷமா எங்க வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல" என்றார் அண்ணன். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பேசாமல் பழைய ரகத்திலேயே ஆறு செல்லை வரிசையாக வைத்துத் தகடு ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். ரிமோட்டில் புதுச் செல் போட்டார். ஏரியலை நீட்டினார். குச்சியைத் தள்ளினார்.

வண்டி அசையவில்லை. முன் சக்கரம் ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தது. அன்றைக்குத் திடலில் செய்த அதே காரியம்.

ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்கிறது, சேர்த்தால் செத்துவிடுகிறது. அண்ணன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஞாயிறும் அப்படியே போயிற்று. திங்கட்கிழமை பெட்டியோடு வந்த பழைய புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தில் இரண்டு சின்னத் தகர வில்லைகளின் படம் இருந்தது. ரிமோட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று செருகுவது. இரண்டும் ஒரே அலையில் பேசிக்கொள்வதற்காக வைத்தது. கிரிஸ்டல் என்று பெயர். பார்வைக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் அனுப்புகிறதுக்கு ஒரு நம்பர், வாங்குகிறதுக்கு ஒரு நம்பர். பெரிய நம்பர் ரிமோட்டுக்கு, சின்னது வண்டிக்கு.

இரண்டையும் பிடுங்கிப் பார்த்தார். நம்பர் எறும்பு கால் வைத்தது போல இருந்தது. அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அண்ணியிடம் நீட்டினார். ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு.

"வண்டியில இருந்து எடுத்தது எது?"

"இது."

"இதுலதான் பெரிய நம்பர் இருக்கு. பெரிசு எதுல இருக்கணும்னு சொன்னீங்க?"

"ரிமோட்டுல."

"அப்ப மாறியிருக்கே."

அண்ணன் துள்ளி எழுந்தார். "மாத்திட்டாரா! சுட்டது மட்டுமில்ல, மாத்தியும் போட்டிருக்காரா!"

"அவர் எப்படி மாத்துவார்? ஒண்ணு அவங்க வீட்டுல இருந்துச்சு, இன்னொண்ணு நம்ம அலமாரியில இருந்துச்சு. அதுக்கு மேல 'யாரும் தொடக் கூடாது'ன்னு நீங்கதானே ஒட்டி வெச்சீங்க?"

"அப்ப, அதுக்கு முன்னாடி..."

அண்ணி மிஷினை நிறுத்தினாள். "அந்தத் திடலுக்குப் போனதுக்கு மொத நாள். சனிக்கிழமை. என்னோட நீலப் பூப்போட்ட புடவை ஓரத்தைக் கிழிச்சு, ஸ்பிரிட்டுல நனைச்சு, உக்காந்து எதையோ தொடச்சீங்க. 'ரெண்டு பக்கமும் டெர்மினல் பளபளன்னு இருக்கு பார்'னு கொண்டாந்து எங்கிட்ட காட்டினீங்க. உள்ளங்கையில ரெண்டு தகரத் துண்டு இருந்துச்சு. இதே துண்டு."

"உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"தகரம் யாருக்கு வேணும்? அது எங்க அம்மா எடுத்துக் கொடுத்த புடவை."

லைன்மேன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெட்டியைத் திறந்தாலும், கெட்டிருக்கோ இல்லையோ, முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டாமல் மூட மாட்டார்கள். அதற்காக அண்ணனுக்கு இலாகாவில் ஒரு பாராட்டுக் கடிதம்கூட உண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அன்றைக்குப் பதினான்கு பேர் முன்னால் மானம் போகக் கூடாதே என்று துடைத்திருக்கிறார். துடைத்து, உள்ளங்கையில் உருட்டிப் புதுப் பெண்டாட்டிக்குக் காட்டி, அவள் அழகாயிருக்கு என்று சொன்ன சந்தோஷத்தில் மாற்றிச் செருகிவிட்டார்.

இப்போது சரியாகச் செருகினார். குச்சியைத் தொட்டதுதான் தாமதம், வண்டி மேசையிலிருந்து குதிக்கப் பார்த்தது. அண்ணி பிடித்துக் கீழே விட்டாள். கூடத்தில் ஓடி, சமையலறை வாசலில் வளைந்து, திரும்பி வந்து அண்ணன் காலடியில் நின்றது. கீழே என் வீட்டுக் கூரையில் ர்ர்ர் என்று கேட்டு நான் மேலே ஓடிவந்தேன். வண்டி ஓடியதைப் பார்த்து நான் கை தட்டினேன். அண்ணன் இழவு வீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஓடுதே அண்ணே!"

"ஓடுது" என்றார். "ஓடித் தொலையுது."

செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் போன் போட்டார். "வண்டி ஓடுது. சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லு" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரை மணியில் அக்கா திரும்பக் கூப்பிட்டாள்.

"குறை யார் பக்கம்னு சொன்னாத்தான் வருவாராம்."

அண்ணன் யோசித்தார். "ரொம்ப நாள் ஆச்சுல்ல. குறை காலத்து மேலதான்னு சொல்லு."

அடுத்த போன்: "காலம் வந்து ஒத்துக்குமான்னு கேக்கறார்."

"சரி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சுன்னு சொல்லு."

அடுத்த போன்: "அவர் பக்கம் என்னன்னு விவரமா எழுதிக் குடுக்கச் சொல்றார்."

அத்தான் பக்கம் என்று எழுத ஒன்றும் இல்லையே. புதன்கிழமை கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மோட்டார் சுட்டிருந்தது, நான் சரி பண்ணினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முப்பத்தெட்டு வருஷமும் அவர் கையை விட்டுப் போகாது. ஆனால் அதைக் கேட்டால் அத்தான் வர மாட்டார்; அக்கா ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். மாற்றிப் போட்டது நான் என்று சொன்னால் அத்தான் ஓடி வருவார். அத்தனை வருஷமும் கம்பத்திலிருந்து விழுந்த மாதிரி விழும்.

"ஒரே ஒரு வார்த்தை. 'நான்தான்.' அதைச் சொல்ல நாக்கு புண்ணாயிடுமா?" என்றாள் அண்ணி.

"உனக்கு என்ன தெரியும்? ஒரு மனுஷன் இத்தனை வருஷம் பேசாம இருந்திருக்கேன். அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"யார் கேட்டா உங்களைப் பேசாம இருக்கச் சொல்லி? நான் கேட்டேனா? புடவையைக் கிழிச்சப்பக்கூட நான் உங்ககிட்ட பேசினேன்."

வியாழக்கிழமை காலையில் அக்காவே போன் பண்ணினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணனுக்கு வலது காது மந்தமென்பதால் போனைச் சத்தமாக வைப்பார், எல்லோருக்கும் கேட்கும்.

"டேய். நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இழுத்துக் கட்டின கம்பியா? அந்தப் பக்கம் சொல்றதை இந்தப் பக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சுபோச்சு. பாத்திரமெல்லாம் கட்டியாச்சு. ரெண்டு தட்டு மட்டும்தான் வெளியில இருக்கு. இதுக்கு மேல நான் எதையும் திரிச்சும் சொல்ல மாட்டேன், இனிப்புத் தடவியும் சொல்ல மாட்டேன். உன் வாயில என்ன வருதோ அதை அப்படியே அவர்கிட்ட சொல்றேன். இல்லைன்னா வெச்சிடறேன்."

அண்ணி மிஷினை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"மாத்திப் போட்டது நான்தான்னு சொல்லு" என்றார் அண்ணன்.

"எதைடா மாத்தினே?"

"கிரிஸ்டலை. ரெண்டு சின்னத் தகரம். மொத நாள் தொடச்சேன். மாத்திச் செருகிட்டேன். அவர் எதையும் சுடல."

லைன் அறுந்துவிட்டதோ என்று அண்ணன் போனைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் அக்கா குரல் வந்தது: "அவ்ளோ சின்னதா?"

சனிக்கிழமை நாலு மணிக்கு அத்தான் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலை வாரிப் படிய வைத்திருந்தார். ஜெயித்தவர் வருகிற மாதிரிதான் வந்தார். முப்பத்தெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு அவரிடம் இருந்திருக்க வேண்டும். அக்கா அப்புறம் சொன்னாள், பஸ்ஸில் உதடு அசைந்துகொண்டே வந்ததாம். ஆனால் எழுபத்தொன்பது வயதில் மூன்று மாடி ஏறினால் என்ன மிச்சம் இருக்கும்? கதவருகில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாப்பிள்ளை" என்றார். அப்புறம், "தண்ணி" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் அத்தான் கையை நீட்டினார். "எங்க, அந்த ரெண்டு?"

அண்ணன் கிரிஸ்டலைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். அத்தான் கண்ணாடியைத் தூக்கி, கையைக் கிட்டக் கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை மெல்ல வடிந்தது.

"இதுவா?"

"இதுதான் அத்தான்."

"ஏன்டா, இத்தனை வருஷத்துக்குக் கொஞ்சம் பெரிய குறையாக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? இதை நான் வெளியில யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "கரண்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்" என்றார் தரையைப் பார்த்து.

"சொன்னே. நானும் கம்பம்னு சொன்னேன். விடு. வண்டி எங்க?"

கூடத்திலிருந்த நாற்காலியையெல்லாம் சுவரோரம் தள்ளினோம். அக்கா அண்ணியின் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினார். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்; கண் சக்கரத்தோடேயே போயிற்று. மூன்றாவது சுற்றில் எழுந்து வந்து, பேசாமல் அண்ணன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினார். பெட்டியை வாங்கி வந்தவர் அவர்தான். ஆனால் அதுவரை ஒரு அடிகூட அவர் ஓட்டியதில்லை.

"இந்தக் குச்சி முன்னாடி, இது திருப்பறதுக்கு. வண்டி நம்மளைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறும், பார்த்து..." என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள், அத்தான் குச்சியைக் கடைசிவரை தள்ளிவிட்டார். வண்டி அம்பு மாதிரி போயிற்று. இடம் வலம் மாறியது. நேரே தையல் மிஷினின் இரும்புக் காலில் போய் மோதி, தலைகீழாகப் புரண்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. முன் சக்கரத்தைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கை இரண்டாக முறிந்து ஒரு துண்டு என் காலடிக்கு வந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நடக்காத ஒன்றுக்காக இத்தனை காலம் பேசாமல் இருந்தார்கள். இப்போது நிஜமாகவே நடந்துவிட்டது, எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

"நீ மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார் அத்தான்.

"சொல்லிக்கிட்டேதானே இருந்தேன்."

"எப்ப சொன்னே? வண்டி போனதுக்கப்புறம் சொன்னே."

"வாங்கின உடனே யார் அத்தான் கடைசிவரைக்கும் தள்ளுவாங்க?"

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் அண்ணி.

அண்ணன் குனிந்து வண்டியை எடுத்தார். நான் துண்டைக் கொடுத்தேன். முறிந்த இடத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தியது. "காய்ஞ்சுபோன பிளாஸ்டிக். எப்படியும் ஒரு நாள் போயிருக்கும்" என்றார். அத்தானும் கிட்டப் போய்க் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் உட்கார்ந்தார். அண்ணி ஒரு பழைய செய்தித்தாளை அவர்களுக்கு நடுவில் விரித்துவிட்டுப் போனாள்.

"உடனே ஒட்டற பசை போடாதே. அது வெடிச்சிடும்."

"தெரியும் அத்தான். ரெண்டு ட்யூபையும் கலந்து போடறது இருக்கு."

"கலந்தா காய எவ்ளோ நேரம் ஆகும்?"

"நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாது."

"உள்ள ஒரு கம்பி வெச்சு ஒட்டேன். வெறும் பசை நிக்காது."

"கம்பி எதுக்கு? பாரம் கூடிடும்."

"நான் சொல்றதைக் கேளு. கப்பல்ல எத்தனை உடைஞ்ச பாத்திரத்துக் கைப்பிடியை நான் ஒட்டியிருக்கேன் தெரியுமா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கேட்டிருந்தாள்; இரண்டு மணி நேரமாயிற்று. இருட்டத் தொடங்கியது. "ஏங்க, போகலாமா? இன்னும் ரெண்டு பெட்டி கட்டணும்" என்றாள். இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள். அத்தான் தலையைத் தூக்காமல், "நீ போய்க் கட்டிக்கிட்டிரு. நான் இதைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன், விட்டா நகந்துடும்" என்றார்.

அக்கா எழுந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். தெருவுக்கு வந்த பிறகு, "இப்ப சந்தோஷமா அக்கா?" என்று கேட்டேன்.

"சந்தோஷமில்லாம என்ன?" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று வெளிச்சம் போதாமல் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு நாங்க கிளம்பணும்டி. அந்த மனுஷனை இவன்கிட்ட இருந்து யார் பிரிச்சுக் கூட்டிட்டு வரப்போறாங்கன்னுதான் தெரியல."